செவீயாவின் பழைய தாபாஸ் பாரில் தனி ஆளாக நுழைவதற்கு முன்

தாபாஸ் என்னும் சின்னத் தட்டு உணவுகளை வைனோடும் பீரோடும் தரும், கூட்டம் நெரியும் பழைய பார் ஒன்றுக்குள் தனியாக நுழைகிற வெளியூர்க்காரருக்கு முதலில் வருவது திகைப்புதான். வாசலில் வரவேற்க ஆள் கிடையாது. உட்காருங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மெனு கைக்கு வராது, வரிசை என்று எதுவும் கண்ணில் படாது. ஓடு பதித்த சுவர்களில் மோதித் திரும்பும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இங்கே என்ன செய்யவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்ற எண்ணம் வந்து தொண்டையை அடைக்கும். ஸ்பெயினின் செவீயா நகரில் அப்படி முக்கால் மணி நேரம் நின்றும் ஒரு கோப்பை வைன்கூட வாங்க முடியாமல் வெளியே வந்தேன். பசி தாங்காமல் கதீட்ரல் பக்கத்துத் தெருவோர மேசை ஒன்றில் உட்கார்ந்து, 54 யூரோ, அதாவது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு எழுந்தேன். பணத்தைவிட, அத்தனை பேருக்கு நடுவில் ஆளே இல்லாதவர் போல நின்றதுதான் அதிகம் வலித்தது. அதன் பிறகு அதே நகரில் பாரில் நின்று நிம்மதியாகச் சாப்பிடப் பழகியாயிற்று. யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்த இரவே வேறு மாதிரி போயிருக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

நேரத்திலிருந்து தொடங்கவேண்டும், பாதித் தொல்லை அங்கேதான் இருக்கிறது. செவீயாவில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். பெரும்பாலான பார்களில் அடுப்பு மாலை நான்கு, நாலரைக்கு அணைந்தால் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் மறுபடி எரியும். இடையில் கதவு திறந்திருந்தாலும் ஆலிவ், சீஸ், ஹமோன் என்கிற பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி போன்ற குளிர்ந்த தட்டுகள் மட்டுமே கிடைக்கும். ஏழு மணிக்குப் பசிக்கும் நம் வயிறு இதற்குப் பழகாதது. ஏழு மணிக்குப் போய் ஏமாந்து, தெருத்தெருவாக நடந்துவிட்டு, ஒன்பதரைக்கு உச்சக் கூட்டத்தில் காலி வயிற்றோடு நுழைவது மிகக் கெட்ட வரிசை. மதியம் ஒரு மணி, இரவு எட்டு மணி, இந்த இரண்டு வாசல்களில் ஒன்றைப் பிடியுங்கள். கடை சூடேறும் அந்த முதல் அரை மணி நேரத்தில் சர்வருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும், என்ன நன்றாக இருக்கிறது என்று சொல்வார். ஒன்பதரைக்கு உள்ளே வருகிறவர்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள், நீங்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கமாட்டீர்கள். சனி, ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை குடும்பம் குடும்பமாக வருவார்கள். அது இரவைவிட நெரிசலானது. தனியாகப் போகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது. மாலை ஐந்தரைக்கு ஏதாவது ஒரு காபிக்கடையில் ரொட்டித்துண்டு சாப்பிட்டு வைத்திருந்தால் எட்டு மணி வரை மனம் நிதானமாக இருக்கும். பசியோடு எடுக்கிற முடிவுகள்தான் அங்கே காசைக் கரைக்கின்றன.

இனி கடையின் உள்ளமைப்பு. செவீயாவின் மிகப் பழைய பார் என்று சொல்லப்படும் எல் ரின்கோன்சீயோ 1670-இல் தொடங்கியது. 1858 முதல் தெ ருவேதா குடும்பத்தின் கையில் இருக்கிறது. கதீட்ரலுக்கு அருகே 1850-இல் தொடங்கிய காசா மொராலெஸ் உண்டு. அதன் பின்கூடத்தில் ஒரு காலத்தில் வைன் ஊற்றி வைத்த பெரிய மண் தாழிகள் இன்றும் சுவரோடு சுவராக நிற்கின்றன. இந்த மாதிரிக் கடைகள் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி, நீண்ட கருத்த மரமேடைதான். அதை பாரா என்பார்கள். மேலே உத்தரத்திலிருந்து ஹமோன்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் கவிழ்த்த குடை போல ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் குத்தியிருக்கும், வெயில் காலத்தில் உருகிச் சொட்டும் கொழுப்பு நம் தலையில் விழாமல் இருக்க. பாராவுக்கு அப்பால் சில பீப்பாய்களைக் கவிழ்த்து மேசையாக்கியிருப்பார்கள். உள்ளே ஓர் அறையில் உட்காரும் மேசைகள், வெளியே நடைபாதையில் தெரசா என்னும் திறந்தவெளி மேசைகள். இந்த நான்கும் ஒரே கடைதான், ஆனால் ஒரே விலையும் இல்லை, ஒரே மெனுவும் இல்லை. தாபா என்கிற சின்னத் தட்டு பாராவில் மட்டும் என்று வைத்திருக்கும் கடைகள் நிறைய. மேசையில் உட்கார்ந்த உடனே அரைத் தட்டு, முழுத் தட்டு மட்டும்தான். தெரசாவில் பத்து சதவீதம் போலக் கூடுதல் விலை வைப்பதும் வழக்கம். தனி ஆளுக்கு மேசை எந்த வகையிலும் லாபம் இல்லை. நான்கு பேராகப் போனால் பாராவில் இடம் பிடிப்பது போராட்டம்; ஒருவருக்கு ஒரு முழங்கை அகலம் போதும். தனியாகப் போவது இங்கே ஒரு வசதி, அதை நம்புங்கள்.

அந்த முழங்கை அகலத்தைப் பிடிப்பது எப்படி? வாசலில் நின்று தேடாதீர்கள், உள்ளே போங்கள். வாசல் பக்கம்தான் எப்போதும் அடைப்பு. உள்கோடியில் பெரும்பாலும் ஒரு சந்து இருக்கும். பாராவின் பலகையைத் தூக்கிக்கொண்டு சர்வர்கள் வெளியே வந்து போகும் இடம் ஒன்று உண்டு. காலியாகத்தான் தெரியும், அங்கே நிற்கக்கூடாது. தட்டோடு வருகிறவர் உங்களை நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார், யாரும் உங்களிடம் ஆர்டர் கேட்கமாட்டார். பீர்க் குழாய்க்கு எதிரே இருக்கும் இரண்டு மூன்று அடிதான் பொன்னான இடம், எல்லா சர்வர்களும் நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே வந்தாகவேண்டும். காலி தட்டும் கசங்கிய காகிதமும் முன்னால் கிடக்க, கையில் பர்ஸை எடுத்துவிட்டவர் யார் என்று பார்த்து அவருக்குப் பின்னால் நில்லுங்கள். அவர் விலகும்போது ஒரு தோளைப் பக்கவாட்டில் நுழைத்து மேடையைத் தொட்டுவிடவேண்டும். முன்பக்கம் முழுவதையும் பாராவுக்குக் கொடுத்து நின்றால் இரண்டு ஆள் இடத்தை அடைப்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் நெருக்குவார். உடம்பைச் சாய்த்து நிற்பதுதான் அங்கே மரியாதை. பீப்பாயில் ஏற்கெனவே இருவர் நின்றாலும் “எஸ்தா லிப்ரே?” என்று காலியான ஓரத்தைக் காட்டிக் கேட்கலாம்; பெரும்பாலும் தங்கள் கோப்பையை நகர்த்தி இடம் தருவார்கள்.

அடுத்தது சர்வரின் கவனம். நான் முக்கால் மணி நேரம் நின்றது பாராவிலிருந்து இரண்டு வரிசை தள்ளி. அங்கே நிற்கிறவர் காத்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றாது, நண்பருக்காக நிற்கிறார் என்று நினைப்பார்கள். கை மேடையில் பட்டால்தான் நீங்கள் கணக்கில் வருகிறீர்கள். கண்ணுக்கு வரிசை தெரியாவிட்டாலும் சர்வரின் தலைக்குள் வரிசை இருக்கிறது. நெரிசலான பேருந்தில் யார் எங்கே ஏறினார், யார் இன்னும் சீட்டு வாங்கவில்லை என்று நடத்துநருக்குத் தெரிவது போல, எந்த முழங்கை எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியும். கையை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, நோட்டை நீட்டுவது எல்லாம் எதிர்மாறாக வேலை செய்யும், வேண்டுமென்றே கடைசியாக வருவார். கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்து, அவர் கடக்கும்போது “குவாந்தோ புவேதாஸ்” என்று ஒரு சொல் சொன்னால் போதும். உங்களுக்கு முடியும்போது என்று பொருள். அதற்கு அவர் தலையை ஆட்டிவிட்டால் உங்கள் முறை உறுதி. அதன் பிறகு பத்து நிமிடம் ஆனாலும் கவலைப்படவேண்டாம். பாராவை அவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் உங்களிடம் கேட்டவரிடமே கடைசி வரை வாங்குங்கள். இடையில் வேறொருவரிடம் ஒரு கோப்பை வாங்கினால் கணக்கு இரண்டாகப் பிரியும், பில் போடும்போது குழப்பம் வரும்.

முதல் ஆர்டர் பானமாக இருக்கட்டும், அதுவும் யோசிக்காமல் சொல்லக்கூடியதாக. சர்வர் முன்னால் வந்து நிற்கும் நேரம் ஐந்து வினாடி. அப்போது சுவர்ப்பலகையை நிமிர்ந்து படிக்க ஆரம்பித்தால் அவர் போய்விடுவார், திரும்பி வர இன்னொரு பத்து நிமிடம். ஒரு ஷெரி வைனுக்கு “ஊனா மன்சனீயா”, ஒரு பீருக்கு “ஊனா செர்வேசா”, இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கோப்பை கைக்கு வந்தபின் நீங்கள் அந்த இடத்தின் உரிமையாளர், நிதானமாகப் பலகையைப் படிக்கலாம். பீர் என்றால் இருநூறு மில்லி போலச் சின்னக் கிளாஸில் வரும், வெயிலில் சூடேறுவதற்குள் முடித்துவிட்டு அடுத்ததைக் குளிர்ச்சியாக வாங்குவதற்காகத்தான் அந்த அளவு. செவீயாவில் 1904 முதல் காய்ச்சப்படும் க்ரூஸ்காம்போதான் பெரும்பாலான கடைகளில். பழத்துண்டு போட்ட வைன் பானமான சாங்ரியாவைக் கேட்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் கோடையில் குடிப்பது சிவப்பு வைனில் எலுமிச்சைச் சோடா கலந்த தின்தோ தெ வெரானோ, விலையும் பாதிக்குப் பாதி.

ஆனால் இந்தக் கடைகளின் அருமை ஷெரி வைனில்தான் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு குடித்தால் அந்த மாலைக்கே ஒரு பொருள் வரும். செவீயாவுக்குத் தெற்கே ஹெரெஸ், சான்லூகர், எல் புவெர்தோ என்ற மூன்று ஊர்களைச் சுற்றிய வெள்ளை மண்ணில் விளையும் பலோமினோ திராட்சையிலிருந்து வருவது ஃபீனோ. வைனில் கொஞ்சம் திராட்சைச் சாராயம் சேர்த்து 15 சதவீத ஆல்கஹாலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த அளவில்தான் பீப்பாய்க்குள் வைனின் மேற்பரப்பில் ஃப்ளோர் என்னும் ஈஸ்ட் ஆடை படரும். காற்றுப் படாமல் அது காப்பாற்றுவதால் வைன் வெளிறிய வைக்கோல் நிறத்தில், சொட்டு இனிப்பு இல்லாமல், பாதாம் வாசனையோடு இருக்கும். சான்லூகரில் கடல் காற்றில் முதிரும் அதே வைன் மன்சனீயா, இன்னும் மெல்லியது. 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிட்டால் ஈஸ்ட் வாழாது, வைன் காற்றோடு கலந்து பழுப்பேறும், அது ஒலொரோசோ. முதலில் ஆடைக்குக் கீழும் பிறகு காற்றிலும் முதிர்வது அமொந்தியாதோ. நீந்துவதற்கு ஃபீனோ, பறப்பதற்கு அமொந்தியாதோ, ஓடுவதற்கு ஒலொரோசோ என்று அங்கே ஒரு வழக்கு உண்டு: மீனுக்கு முதலாவது, கோழிக்கும் பறவைக்கும் இரண்டாவது, மாட்டு, வேட்டை இறைச்சிக்கு மூன்றாவது. ஷெரி என்றாலே இனிப்பு என்று நினைத்துக் கேட்கிறவர்களுக்கு முதல் மடக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஒரு ஆலிவைக் கடித்துவிட்டு இரண்டாவது மடக்கு குடியுங்கள், அப்போது பிடிபடும்.

ஃபீனோவிலும் மன்சனீயாவிலும் ஒரு தவறு நடக்கலாம். பீப்பாயில் ஈஸ்ட் காப்பாற்றிய வைன், பாட்டில் திறந்ததும் காப்பாற்ற ஆளில்லாமல் சில நாட்களில் சோர்ந்துவிடும். கோப்பையில் நிறம் கருத்து, பழைய ஆப்பிளை வெட்டி வைத்த வாசனை வந்தால் பாட்டில் திறந்து நாளாகிவிட்டது என்று பொருள். கூட்டமான பாரில் ஒரு நாளுக்குப் பல பாட்டில் காலியாவதால் இந்தத் தொல்லை குறைவு. நெரிசலைப் பொறுத்துக்கொள்வதற்கு இது ஒரு நல்ல காரணம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அல்லது பனிக்கட்டி வாளியிலிருந்து எடுத்து ஊற்றுகிறாரா என்று பாருங்கள். ஏழு, எட்டு டிகிரியில் குடிக்கவேண்டியது அது. இருவர் என்றால் 37.5 சென்டிலிட்டர் அரை பாட்டில் கேட்கலாம், கண்முன்னே திறப்பார்கள். கோப்பை சின்னதாக இருக்கிறதே என்று மளமளவென்று இறக்காதீர்கள். சாதாரண வைனைவிடக் கனமானது, நின்றுகொண்டே, வெக்கையில், காலி வயிற்றில் மூன்றாவது கோப்பை காலைத் தட்டிவிடும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு தட்டு என்ற கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 2022-இல் வந்த குப்பைக் கழிவுச் சட்டப்படி குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும், “அகுவா தெல் க்ரீஃபோ” என்று கேளுங்கள். குடிக்காதவர்கள் திராட்சைச் சாறு என்று நினைத்து மோஸ்தோ கேட்பதுண்டு. வேறு ஊர்களில் அது மதுவற்ற சாறுதான். செவீயாவை ஒட்டிய அல்ஹராஃபே பகுதியில் அந்தப் பெயரில் ஊற்றுவது அந்தப் பருவத்துப் புது வைன். ஆல்கஹால் இல்லாத பீருக்கு “செர்வேசா சின்” என்றால் போதும்.

இப்போது தட்டின் அளவு, பணம் கரையும் முதல் ஓட்டை இதுதான். தாபா என்பது ஒருவர் நான்கைந்து வாயில் முடிக்கும் தட்டு, சுமார் 3 முதல் 5 யூரோ. மேதியா என்பது அரைத் தட்டு, இருவருக்கு. ரசியோன் என்பது முழுத் தட்டு, மூன்று நான்கு பேர் பகிர்வது, 12 முதல் 18 யூரோ வரை போகும். அளவைச் சொல்லாமல் உணவின் பெயரை மட்டும் சொன்னால், வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் முழுத் தட்டு வந்து நிற்கும் கடைகள் உண்டு. “ஊனா தாபா தெ” என்று தொடங்கிப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யக்கூடாது. ஐந்து தட்டு கேட்டால் ஐந்தும் ஆறு நிமிடத்துக்குள் வந்து, முழங்கை அகல இடத்தில் அடுக்க முடியாமல், சூடானது ஆறி, பொரித்தது நமத்துப்போகும். இரண்டு கேளுங்கள், ஒன்று குளிர்ந்தது, ஒன்று சூடானது. குளிர்ந்தது உடனே வரும், அதை முடிக்கும்போது சூடானது வரும். பிறகு பக்கத்தில் இருப்பவர் தட்டைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யுங்கள். விரலால் காட்டி “அதுவே ஒன்று” என்று கேட்பது அங்கே இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு கோப்பையும் மூன்று தாபாவும் 15 முதல் 20 யூரோவுக்குள் முடிந்துவிடும், தனி ஆளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

எதைச் சாப்பிடுவது? எல்லாவற்றுக்கும் முன்னால் கீரையும் கொண்டைக்கடலையும், எஸ்பினாகாஸ் கொன் கர்பான்சோஸ். செவீயாவின் தனிச்சிறப்பு இது. பூண்டையும் ரொட்டித்துண்டையும் ஆலிவ் எண்ணெயில் வறுத்து, சீரகமும் மிளகாய்த்தூள் போன்ற பிமென்தோனும் வினிகரும் சேர்த்து இடித்து, வெந்த கீரையோடும் கடலையோடும் சுண்ட வைப்பார்கள். சீரக வாசனை எழுந்து வரும்போது தமிழ் நாக்குக்கு நிம்மதி வந்துவிடும். கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில் இருப்பதுதான் சரி. தண்ணீர் பிரிந்து நின்றால் அவசரமாகச் சூடாக்கியது. அடுத்து சல்மொரேஹோ, தக்காளியும் ரொட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த கெட்டியான குளிர்ந்த கூழ். மேலே அவித்த முட்டையும் ஹமோன் துணுக்குகளும் தூவியே வரும், வேண்டாம் என்றால் முன்கூட்டியே “சின் ஹமோன்” என்று சொல்லவேண்டும். கரும்புப்பாகு ஊற்றிய பொரித்த கத்தரிக்காய், வினிகரில் ஊறிய உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு முட்டை அடையான தோர்தீயா எல்லாம் நம்பிக் கேட்கலாம். அசைவர்களுக்குப் பூண்டு விஸ்கிச் சாற்றில் பன்றிச்சதை, சீரகம் ஒரேகானோ வினிகரில் ஊற வைத்துப் பொரித்த கசோன் என்னும் சுறா வகை மீன், கொதிக்க வைத்த இறைச்சியைப் பிசைந்து சின்ன ரொட்டியில் வைத்து அழுத்திச் சுடும் ப்ரிங்கா.

சைவர்கள் கவனிக்கவேண்டியது அதிகம். சைவம் என்று சொன்னால் சூரை மீன் போட்ட சாலட்டைத் தயங்காமல் நீட்டுவார்கள், பல சர்வர்களின் கணக்கில் இறைச்சி என்பது பெரிய துண்டுகள் மட்டும். மேலே சொன்ன வினிகர் உருளைக்கிழங்குத் தட்டிலும் என்சலதீயா என்கிற மயோனெஸ் கலவையிலும் சூரை மீன் சாதாரணமாக இருக்கும். க்ரொகேத்தா உருண்டைகளுக்குள் ஹமோனோ, பல இறைச்சிகள் வெந்த குழம்புச் சதையோ இருக்கும், கீரை என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும் கேளுங்கள். கத்தரிக்காய் பொரியும் எண்ணெயில்தான் மீனும் பொரிந்திருக்கும். “சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ” என்று இறைச்சி, ஹமோன், மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், ஒன்றில் மற்றது அடங்காது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் தெர்னேரா, வாகா, தோரோ என்ற சொற்களைப் பலகையில் பார்த்தால் தாண்டிவிடுங்கள். பன்றி தவிர்ப்பவர்களுக்கு இந்தக் கடைகள் கொஞ்சம் சிரமம்தான். ரொட்டியில் தடவும் சிவந்த கொழுப்பு மந்தேகாவும் பன்றியுடையதே.

ஹமோன் வாங்குவதென்றால் விலையைக் கேட்காமல் வாங்காதீர்கள். 2014-இன் அரசாணைப்படி இபேரிகோ என்னும் பன்றி இனத்து ஹமோனின் கால்களில் நான்கு நிறச் சீட்டுகள் உண்டு. கருப்பு, முழு இபேரிகோ இனம், ஓக் காட்டில் கருவாலிக் கொட்டை தின்று வளர்ந்தது. சிவப்பு, அதே தீனி, கலப்பினம். பச்சை, வயல்வெளியில் மேய்ந்து தீவனமும் தின்றது. வெள்ளை, பண்ணைத் தீவனம். கருப்புக்கும் வெள்ளைக்கும் விலை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். கடையில் தொங்குகிற கால்களின் சீட்டைத் தலை நிமிர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்லதைக் கையால் சீவுவார்கள், துண்டு விரல் நீளம், பின்னால் கத்தி தெரியும் மெல்லியது. கொழுப்பு மங்கலாக இல்லாமல் பளபளத்து, நாக்கில் வைத்ததும் உருகவேண்டும். அதைக் குளிரூட்டியிலிருந்து எடுத்துத் தந்தால் கொழுப்பு உறைந்து வாசனையே வராது.

கடல் உணவுதான் எனது 54 யூரோவின் காரணம், அந்தக் கடையின் பெயர் தேவையில்லை. பட்டியலில் இல்லாத இறாலை சர்வர் வாயால் பரிந்துரைத்தார், விலையைச் சொல்லவே இல்லை. தட்டு வந்தது, பில்லில் அந்த ஒன்றுக்கு மட்டும் 36 யூரோ. ரொட்டிக்கும் மேசைக்கும் தனித்தனிக் கட்டணம். நல்ல இறாலும் சிப்பியும் அங்கே எடைக்கணக்கில்தான் விற்கும். பலகையில் நூறு கிராமுக்கு இவ்வளவு என்றோ, சந்தை விலை என்பதைக் குறிக்கும் எஸ்.எம். என்ற இரண்டு எழுத்தோ இருக்கும். அந்த எழுத்தைப் பார்த்தால், அல்லது பட்டியலில் இல்லாததை யாராவது சொன்னால், “குவாந்தோ குவெஸ்தா?” என்று கேட்டு எண்ணைக் காதால் கேட்ட பிறகு தலையாட்டுங்கள். ரொட்டிக்கான காசும் மெனுவில் அச்சாகியிருக்கவேண்டும், இல்லையென்றால் மறுத்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியிருக்கும் விலையில் பத்து சதவீத வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும், மேலே வரி சேர்க்கக்கூடாது. செவீயா இருக்கும் ஆந்தலூசியா மாநிலத்தில் ஒவ்வொரு கடையும் புகார்ப் படிவம் வைத்திருந்தாகவேண்டும், சுவரில் அறிவிப்பும் ஒட்டியிருப்பார்கள். “ஓஹாஸ் தெ ரெக்லமசியோனெஸ்” என்று அமைதியாகக் கேட்டாலே பல பில்கள் அங்கேயே திருத்தப்படும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

பை, பர்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. முதுகுப்பையோடு போகாதீர்கள், கூட்டத்தில் திருடனுக்கு வசதி, பின்னால் நிற்பவருக்குத் தொல்லை. பாராவுக்குக் கீழே முழங்கால் உயரத்தில் பல கடைகளில் கொக்கி இருக்கும், தடவிப் பாருங்கள். கைபேசியை மேடையில் வைப்பது அதைவிட மோசம், ஈரத்திலும் போகும், கையோடும் போகும்.

கணக்கு கடைசியில்தான். எல் ரின்கோன்சீயோவில் நீங்கள் வாங்குவதையெல்லாம் சர்வர் உங்கள் முன்னால் பாரா மரத்திலேயே சாக்பீஸால் எழுதுவார். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே வரும். அதன்மேல் கையோ சட்டைக்கையோ பட்டால் எண் அழியும், ஈரக் கோப்பையை வைத்தாலும் அழியும்; தட்டை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள். பணம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று பொருள்படும் “மே கோப்ராஸ்?” என்றதும் கீழே கோடு இழுத்து மனக்கணக்காகக் கூட்டி, தொகையைச் சொல்லி, பணம் வந்ததும் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார். சரிபார்க்க நினைப்பவர் துடைப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளவேண்டும். எண்களைப் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், முதலில் கேளுங்கள். தலைநகர் மத்ரித்தில் ஷெரி மட்டுமே ஊற்றும் லா வெனென்சியா என்ற பாரில் படம் எடுக்கவும் டிப்ஸ் கொடுக்கவும் அனுமதி இல்லை. செவீயாவில் டிப்ஸ் கட்டாயம் இல்லை, மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வருவது போதும். சில பழைய கடைகளில் சின்னத் தொகைக்கு அட்டை வாங்கத் தயங்குவார்கள், இருபது யூரோ நோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். கசங்கிய காகிதத்தையும் ஆலிவ் கொட்டையையும் தரையில் போடுகிற பழக்கம் சில கடைகளில் இன்னும் உண்டு, பல கடைகளில் மறைந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் போடாவிட்டால் நீங்களும் போடாதீர்கள், தட்டின் ஓரத்தில் வையுங்கள்.

ஒரே கடையில் இரவு முழுக்க நிற்பது வழக்கமில்லை. ஒரு கோப்பை, ஒரு தட்டு, அடுத்த கடை. அதனால்தான் இடம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. ஊர் மாறினால் விதி மாறும். கிரனாதாவில் பானம் வாங்கினால் தாபா இலவசமாக வரும், என்ன வரும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார். அங்கே போய்த் தனியாகத் தட்டு ஆர்டர் செய்தால் உணவு மிஞ்சும். வடக்கே சான் செபஸ்தியானில் பாரா முழுக்கக் பின்ச்சோ என்னும் குச்சி குத்திய சின்ன உணவுகளை அடுக்கியிருப்பார்கள். காட்சிக்கு இருப்பதைவிடப் பலகையில் எழுதிய சூடானவைதான் சிறப்பு, அவற்றை ஆர்டர் செய்துதான் வாங்கவேண்டும். சில கடைகளில் தட்டில் மிஞ்சும் குச்சிகளை எண்ணித்தான் கணக்கு, அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

பயணத் தேதியையும் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர்வலங்கள் தெருக்களை அடைத்துக்கொள்ளும், பத்து நிமிட நடை ஒரு மணி நேரமாகும், பாருக்குள் நுழையவே முடியாது. ஆகஸ்டில் நாற்பது டிகிரி வெயிலுக்குப் பயந்து பல குடும்பக் கடைகள் இரண்டு மூன்று வாரம் மூடிவிடும், ஞாயிறு இரவிலும் திங்களிலும் மூடுகிற கடைகளும் ஏராளம். கைபேசி வரைபடத்தில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், “செர்ராதோ போர் வகசியோனெஸ்”. விடுமுறைக்கு மூடியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் நடந்து போகும் தூரத்தில் இன்னொரு கடையைக் குறித்து வைத்துக்கொண்டு, மதியமே அந்தப் பக்கமாக ஒருமுறை நடந்து கதவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.